குடும்ப அட்டையில் ஐந்தாம் பெயர்

பங்கு மக்கள் தொகையைக் கணக்கெடுக்கச் சென்றபோது, தாம்பரத்தில் ஒரு வீட்டில் ஐவர் இருந்தனர். தகப்பனார் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். தாய் நெல்லைப் பகுதியில் பிறந்தவர், தென்னிந்தியத் திருச்சபையினர். பிள்ளைகள் மூவரும் நம்மிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள். 'நால்வர்' என்று எழுதினோம். காபித் தம்ளரோடு வந்து நின்ற தாயார் அதைக் கண்டுவிட்டார். "என்னைக் கணக்கில் சேர்க்கவில்லையா, ஃபாதர்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

தாம்பரத்தில் இக்கேள்வி எழுவது வியப்பன்று. 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. அதன் ஒரு பக்கம் பரங்கிமலை. உச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய நம் ஆலயம். சில நிலையங்கள் தள்ளித் தாம்பரம்; 1937இல் இங்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அக்கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் அனைத்துலக மறைபரப்பு மன்றம் கூடியது. ஏறத்தாழ எழுபது நாடுகளின் பிரதிநிதிகள் வந்திருந்தனர். மலையடிவாரத்திலிருந்து பத்து மைல் கூட இல்லை. எனினும் நம்மவர் எவரும் பிரதிநிதியாகச் செல்லவில்லை. செல்லவும் இயலாது. இத்தகைய கூட்டங்களில் கத்தோலிக்கர் பங்குபெறலாகாது என்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1928இல் சுற்றுமடல் விடுத்திருந்தார். அந்தக் கதவை உள்ளிருந்து சாத்தியவர்கள் நாமே.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேறு மொழி பேசியது. முறையாகத் திருமுழுக்குப் பெற்ற எவரும், முழுமையாக இல்லாவிடினும், நம்மோடு உறவு ஒன்றிப்பில் இருக்கின்றனர் என்றது. அந்தத் தாயார் பெற்றதை அவர் 'ஞானஸ்நானம்' என்பார், நாம் 'திருமுழுக்கு' என்போம்; நீரும் ஒன்று, மூவொரு கடவுளின் பெயரும் ஒன்று. (அவர்களுக்கு 'ஆயர்' என்றால் சபையின் குரு, நமக்கோ மறைமாவட்டத் தலைவர். இக்குழப்பத்தால் தொலைபேசியில் நாம் பட்ட பாடு தனிக் கதை.)

மற்றவர்கள் எல்லாரும் அவரைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழகக் கிறிஸ்தவர் ஏறத்தாழ 44 இலட்சம் என்றது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டார் எனப் பிரிக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் பிரிக்கவில்லை: எந்தச் சபையில் சேர்ந்தாலும் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியலினத்தார் என்னும் தகுதி இல்லை. உறவினரும் அவரைச் சேர்த்துக்கொண்டனர். எப்படி? தம்பதியர் இருவரும் ஒரே சாதி. சபை வேறு என்றதும் பெரியவர்கள் சற்று முனகினார்களாம். சாதி வேறாக இருந்திருந்தால் திருமணமே நடந்திராது என்று தகப்பனாரே சொன்னார். ஐந்நூறு ஆண்டு இறையியல் பூசல் இவ்வளவு எளிதாகத் தீருமென்று நம் குருமடத்தில் யாரும் கற்பிக்கவில்லை. இதற்காக மகிழ நம்மால் இயலவில்லை.

அவரைக் கத்தோலிக்கர் என்று எழுதியிருந்தால் அது பொய்யாகும். அவருடைய சபைக்கும் இழிவாகும். நற்கருணைப் பீடத்தருகே நிற்கும் பிரிவு உண்மையானது, அதை மரியாதைப் பேச்சால் மறைக்கலாகாது. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு இரவுச் செபம் சொல்லிக் கொடுத்தவர் அவரே. ஞாயிறு காலையில் மூவரையும் எழுப்பித் திருப்பலிக்கு அனுப்பிவிட்டுத் தம் ஆராதனைக்குச் செல்பவரும் அவரே.

படிவத்தில் நால்வர் என்றே இருக்கிறது. பங்கின் குடும்ப அட்டையில் ஐந்தாவதாக அவர் பெயரையும், சபையையும், அவர்தம் குருவின் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டோம். மற்ற அட்டைகளையும் எடுத்துப் பார்த்தோம். இதுவரை பதினொரு வீடுகள்.