நன்றிக்கு ஈடாக ஒரு மணம்

தம் உயிரைக் காத்தவருக்கு நன்றி செலுத்தும் பொருட்டு அவர் மகளை ஒருவர் மணந்துகொள்வது அறமாகுமா? சீன எழுத்தாளர் ஜாங் ஜியெ 1979-இல் எழுதிய ‘காதலை மறத்தலாகாது’ என்னும் சிறுகதையைப் படித்த நாள் முதலாய் இவ்வினா நம்மை விட்டு அகலவில்லை.

1937-இல் பெய்ஜிங்கில் பிறந்த இவ்வம்மையார் நாற்பது வயதைக் கடந்த பின்னரே கதை எழுத வந்தவர். மாவோ துன் இலக்கியப் பரிசை இருமுறை பெற்றவர், 2022-இல் மறைந்தார். கிளாடிஸ் யாங் முதலியோர் ஆங்கிலத்தில் பெயர்த்த இவருடைய கதைகள் 1986-இல் நூலாயின.

கதையைச் சொல்பவள் ஷான்ஷான் என்னும் முப்பது வயதுப் பெண். அவளை மணக்க விரும்புபவன் பேரழகன். ஆயினும் அவனோடு மனம்விட்டுப் பேச ஏதுமில்லை. தயங்கி நிற்பவள், இறந்துபோன தாயின் குறிப்பேட்டைப் புரட்டுகிறாள். கணவனைப் பிரிந்து வாழ்ந்த அத்தாய், மணமான ஓர் உயர் அதிகாரியை நெடுங்காலம் நெஞ்சில் சுமந்திருக்கிறாள். இருவரும் ஒருமுறையேனும் கைகுலுக்கியதில்லை. அவர் அளித்த செகாவ் நூல்கள் 27-உம் அவளுடைய செல்வம். பண்பாட்டுப் புரட்சியின் கொடுமையில் அவர் மாண்ட பின்னும் அவள் ஏட்டில் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த அதிகாரியின் மணமோ காதலால் நிகழ்ந்ததன்று. ஷாங்ஹாயில் தலைமறைவாய்ப் பணியாற்றிய காலத்தில் அவரைக் காக்கப்போய் ஒரு முதிய தொழிலாளி உயிர் துறந்தார். ஆதரவற்று நின்ற அவர் மகளை இவர் தயங்காமல் மணந்தார்.

இக்கதை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று சீனத்தில் கண்டித்தோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. எல்லை கடவாதவர்களைக் குற்றவாளிகளாக்குவது நீதியன்று. நம் கவலை வேறு. அத்தொழிலாளி விலை பேசி உயிரைத் தரவில்லை. அனாதையான குடும்பத்துக்கு உணவும் உறைவிடமும் அளித்திருந்தால் அக்கடன் தீர்ந்திருக்காதா? தம்மையே கொடுத்தவர் பெருந்தன்மையாளர்தாம்; அந்த அமானிதத்தை இறுதிவரை காத்தார். அவருடைய இல்லறத்தில் சச்சரவும் இல்லை.

திருமறை கணவன் மனைவியரைப் பற்றிக் கூறுமிடத்து மவத்தத், ரஹ்மத் என இரண்டைச் சொல்கிறது: நேசம், இரக்கம். இரண்டாவது அந்த வீட்டில் நிறையவே இருந்தது. முதலாவதோ இன்னொரு பெண்ணின் குறிப்பேட்டில் கிடந்தது.

தாயின் துயரத்துக்காகக் கண்ணீர் வடிக்கும் இக்கதையில் அந்த மனைவிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. தன் தந்தையின் குருதிக்கு ஈடாகத் தனக்கு ஒரு கணவன் வந்தான் என்பதை அவள் எவ்வாறு எண்ணியிருப்பாள்? அவளுக்கும் ஒரு ஹக்கு உண்டே! அவளுடைய குறிப்பேட்டையும் படிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆசிரியர் அதனை எழுதவில்லை.