கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி

நான் பெரிய கேமர் எல்லாம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, தூக்கம் வருகிற வரைக்கும் ஒரு மணி நேரம் விளையாடுகிறவன். கஷ்டமான கட்டம் வந்தால் கூச்சமே படாமல் 'ஈஸி'க்கு மாற்றிக்கொள்கிறவன். வருஷத்துக்கு இரண்டு கேம் முடித்தால் அதிகம். என்னைப் போன்றவர்களின் கருத்தை நிஜமான கேமர்கள் மதிப்பதில்லை. ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட்டில் நாம் எடுக்கும் முடிவு ஒரு முடிவுதானா? அதில் நல்லவனாக இருப்பதற்கும் வெளியே நல்லவனாக இருப்பதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

என் முதல் கன்சோல் மஞ்சள் கேசட் செருகும் எட்டு பிட் டிவி கேம். மேலே '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது என்னவோ மரியோ, கான்ட்ரா, டாங்கி என்று ஏழெட்டுதான், அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதில் சேவ் செய்கிற வசதி கிடையாது. எட்டாவது உலகம் வரை போயிருந்தாலும் கரண்ட் போனால் முதலில் இருந்துதான். தமிழ்நாட்டில் தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். மரியோ ஆமையிடம் செத்ததைவிட மின்வெட்டில் செத்ததுதான் அதிகம்.

அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு கடை. பழைய பிளேஸ்டேஷன் 2 நான்கு வைத்திருந்தார்கள், மணிக்கு 20 ரூபாய். எல்லோருக்கும் சேர்த்து 8 எம்பி மெமரி கார்டு ஒன்று. நேற்று நான் விட்ட இடத்தின்மேல் இன்று எவனோ ஒருத்தன் தன்னுடையதை ஏற்றியிருப்பான். கேட்டால் சண்டை வரும். 2021-ல்தான் சொந்தமாக ஒரு பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன். அந்த வருஷம் பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு 49,990 ரூபாய்க்கு வந்தது. புதுசுக்கு மாறிய ஒருவர் பழையதை 18,000-க்குத் தள்ளிவிட்டார். நான் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் பெரிய பொருள் அது.

அதில் நான் அதிகம் விளையாடியது 'தி விட்ச்சர் 3'. 2015-ல் வந்த கேம். இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம், ஒரு முக்கியமான திருப்பத்தைச் சொல்லப்போகிறேன்.

அந்தக் கதையில் ஒரு குன்றுக்குள் ஒரு ஆவி அடைபட்டுக் கிடக்கிறது. அதை விடுவித்தால் சதுப்புநிலத்தில் இருக்கும் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவேன் என்கிறது. கொன்றுவிடவும் நமக்கு வழி உண்டு. நான் விடுவித்தேன். குழந்தைகள் பிழைத்தார்கள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கப் போனேன். பல நாள் கழித்து, வேறு ஏதோ வேலையாக ஊர்ப் பிரபுவின் கோட்டைக்குத் திரும்பினால், அவர் மரத்தில் தொங்குகிறார். அவர் மனைவி செத்துப்போயிருக்கிறாள். அந்த ஆவி ஒரு கிராமத்தையே அழித்திருக்கிறது. எல்லாம் அன்று நான் அழுத்திய ஒரு பட்டனின் விளைவு.

பழைய சேவ் ஒன்று இருந்தது, ஆறு மணி நேரம் பின்னால். நிஜமான கேமர் திரும்பிப் போயிருப்பான். எனக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு வாரம். போகவில்லை, அந்தப் பிரபுவைச் சுமந்துகொண்டே மீதிக் கதையை முடித்தேன். நேரம் இல்லாதவனுக்கு மட்டும் விளையாட்டில் கிடைக்கிற ஒன்று இது என்று அப்போது பெருமையாகக்கூட நினைத்தேன். நேரம் இருக்கிறவன் நல்லதையும் பார்ப்பான், கெட்டதையும் பார்ப்பான், இரண்டையும் யூட்யூபில் ஒப்பிடுவான். அவனுக்கு அது வேடிக்கை. என்னைப் போன்றவன் செய்ததோடு இருந்தாக வேண்டும்.

இதை வைத்து நண்பர்களிடம் நிறைய வாதாடியிருக்கிறேன். கேம் விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று யாராவது ஆரம்பித்தால் போதும். இல்லை, நல்ல கேம் நமக்குத் தர்மசங்கடத்தைப் பழக்கிக் கொடுக்கிறது, நாவல் செய்யும் வேலையை இன்னும் நெருக்கமாகச் செய்கிறது என்பேன். மற்றவன் எடுத்த முடிவை வாசிப்பது வேறு, நம் கட்டைவிரலால் அந்த முடிவை எடுப்பது வேறு என்பேன். அந்த வாதத்தில் பாதியை நான் இன்றைக்கும் நம்புகிறேன். மீதிப் பாதி 2023 டிசம்பரில் தண்ணீரோடு போயிற்று.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய அந்த மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றதே, அந்த ராத்திரி. எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் பக்கம், தரைத்தளம். மேலே வீட்டுக்காரர். கரண்ட் எப்போதோ போய்விட்டது. தெருவில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் வாசல்படி ஏறியதும் அப்பா, "ஏல, எந்திரி. ஆறு உள்ள வருது" என்று எழுப்பினார்.

அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஆச்சியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். அம்மா அரிசியையும் ரேஷன் கார்டையும் எடுத்தாள். நான் செல்போன் வெளிச்சத்தில், பிஎஸ்4-ன் வயர்களை ஒவ்வொன்றாக, பொறுமையாகக் கழற்றி, இரண்டு கண்ட்ரோலரையும் சேர்த்து ஒரு போர்வையில் சுற்றி, மார்போடு அணைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். அடுத்த நடையில் கேஸ் சிலிண்டர். அதற்கடுத்த நடையில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்பா போதும் என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. வீடெல்லாம் சேறு. ஆச்சியின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. திறந்தால் பாதிக்குச் சேறு. ஆச்சியின் கல்யாணச் சேலை, நாலைந்து கடிதம், ஒரு போட்டோ. போட்டோ என்று ஆச்சி சொல்லித்தான் தெரியும். கையில் எடுத்ததும் மேல்பூச்சு வழுக்கிக்கொண்டு வந்தது, கீழே வெறும் அட்டை. தாத்தாவின் ஒரே போட்டோ. நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால் செத்துப்போன தாத்தா. அப்படி ஒரு போட்டோ இருந்ததே எனக்குத் தெரியாது.

ஆச்சி அழவில்லை. அட்டையைத் துணியில் துடைத்து வெயிலில் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எய்யா, ஒம் பெட்டி நனையலியே?"

என் பெட்டி நனையவில்லை. 64 மணி நேரச் சேவ் அப்படியே இருந்தது.

இதைச் சொன்னால் நண்பர்கள் ஆறுதலாக ஒன்று சொல்வார்கள். ஒனக்குத் தெரியாதே, தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பே. உண்மைதான். கேம்தான் உன்னைக் கெடுத்தது என்று மாமா ஒருவர் சொன்னார். அதுவும் சரியில்லை. அன்று ஒருவர் பைக்கைத் தள்ளினார், ஒருவர் ஃபிரிட்ஜைத் தூக்கினார், அவர்கள் யாரும் கேம் விளையாடுகிறவர்கள் இல்லை. விலை கூடியதை முதலில் எடுப்பது எல்லோருக்கும் வரும் புத்தி.

என்னைக் குத்துவது வேறு. கேமில் முடிவெடுக்கும் நேரம் வந்தால் திரை நின்றுவிடும். இரண்டு வாக்கியம் வரும். இதுவா, அதுவா? இது முக்கியமான கட்டம், யோசித்து அழுத்து என்று கேமே சொல்லிவிடும். அன்று ராத்திரி அப்படி எதுவும் வரவில்லை. நான் ஒன்றை எடுத்து இன்னொன்றை விடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. கண்ணுக்கு அந்தப் பெட்டி படவே இல்லை. ஆயிரம் தடவை திரையில் பழகிய 'தேர்வு' எனக்கு உதவவில்லை, ஏனென்றால் அங்கே தேர்வு இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. அதை எந்தக் கேமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஐரிஸ் முர்டாக் என்ற நாவலாசிரியர் தத்துவமும் எழுதியவர். 'தி சாவரின்டி ஆஃப் குட்' என்ற அவருடைய நூல் 1970-ல் வந்தது. முடிவெடுக்கும் அந்த ஒரு நொடியில்தான் ஒழுக்கம் இருக்கிறது என்று நினைப்பதை அவர் ஏற்பதில்லை. அந்த நொடி வருவதற்குள் முடிவின் பெரும்பகுதி முடிந்துவிட்டிருக்கும், தினசரி நாம் எதை, எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதிலேயே அது நடந்துவிடுகிறது என்பது அவர் வாதம். வெள்ளத்துக்கு முன் வாசித்திருந்தால் அழகான கருத்து என்று தாண்டிப் போயிருப்பேன்.

இது எங்கள் ஊர் ஆற்றுக்கும் தெரிந்த விஷயம்தான். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் பூஜைச் சாமான்களையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையோடு இருப்பவர், தண்ணீருக்குள்ளேயே இருப்பார். எதை எடுப்பது, எதை விடுவது என்று அன்று ராத்திரி யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. வெயில்காலத்தில் தினமும் அந்தச் சாமான்களைத் துடைத்துக் கும்பிட்ட கைகளுக்கு அது தெரியும்.

இனி எனக்கு வெட்கமான பகுதி. விட்ச்சரில் எந்தக் குடிசைக்குள் நுழைந்தாலும் அங்கிருக்கும் எல்லாப் பெட்டிகளையும் திறப்பேன். கதைக்குச் சம்பந்தமே இல்லாத கிழவியின் குடிசையில், கட்டிலோரப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெளியே வந்தது கிடையாது. அழுக்குத் துணி, ஒரு முட்டை, யாரோ யாருக்கோ எழுதிய கடிதம், எல்லாவற்றையும் நின்று வாசிப்பேன். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவை திறந்ததில்லை. என்ன ஆச்சி இதுல என்று கேட்டதுகூட இல்லை. ஆகவே கேம் என் கவனத்தைத் தின்றுவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் கவனம் என்னிடம் இருந்தது. அந்நியக் கிழவிக்குக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து நண்பனின் ஸ்விட்சில் 'வெண்பா' விளையாடினேன். 2023 ஜூலையில் வந்தது, கனடாவில் செய்தது. அடுத்த வருஷம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், என்னைப் போன்றவனுக்கென்றே செய்தது மாதிரி. கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா, தன் அம்மாவின் கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் செய்கிறாள். அழிந்த வரிகளை நாம் ஊகிக்க வேண்டும். தப்பாகச் செய்தால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். நண்பன் சிரித்துக்கொண்டே விளையாடினான். எனக்கு அந்த அழிந்த பக்கங்களைப் பார்க்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கேட்டேன், போட்டோவில் தாத்தா எப்படி இருப்பார் என்று. ஜங்ஷனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்ததாம். பின்னால் திரையில் வரைந்த மாளிகை. கையில் கட்டியிருந்த வாட்ச் தாத்தாவுடையது இல்லை, ஸ்டுடியோக்காரர் கொடுத்தது. "அதத் திருப்பிக் குடுக்க மனசே இல்ல அவியளுக்கு" என்று ஆச்சி வெகு நேரம் சிரித்தாள். போட்டோ இருந்திருந்தால் வாட்சைப் பற்றி நான் கேட்டிருக்க மாட்டேன் என்று எழுதி இதை நல்லபடியாக முடித்துவிடலாம். அது பொய். போட்டோ இருந்திருக்க வேண்டும். கேட்டும் இருக்க வேண்டும்.

கேமை நான் விடவில்லை. இப்போதும் ஈஸியில்தான் விளையாடுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆச்சியோடு தாயம். போன வாரம் கட்டை கைதவறி விழுந்து எனக்கு இரண்டு என்று காட்டியது.

"ஆச்சி, வழுக்கிட்டு. திரும்பப் போட்டுக்கிடுதேன்."

"போட்டது போட்டதுதான்யா. காய நவுத்து."

நகர்த்தினேன். அடுத்த ஆட்டத்தில் என் காயை வெட்டிவிட்டாள். எடுத்து வெளியே வைத்தேன். இனி தாயம் விழுந்தால்தான் அது உள்ளே வரும்.