களவும் கடுந்தண்டமும்

 

பொருளைப் பறிகொடுத்தவனே அநியாயக்காரனாகிவிட முடியுமா? முடியும் என்பதை அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் வரலாறு காட்டுகிறது. (இசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்ற மஸ்அலாவை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். இங்கே நம் பேச்சு ஹக்கைப் பற்றியது.)

1999-ல் நாப்ஸ்டர் என்றொன்று தோன்றியது. அதன் வழியே ஒருவர் கணினியிலுள்ள பாட்டை, முன்பின் அறியாத இன்னொருவர் காசின்றி நகலெடுத்துக் கொண்டார். 2001-ல் நீதிமன்ற ஆணைக்குப் பின் அது மூடப்பட்டது. அதன் இடத்தில் வேறு பல முளைத்தன. பாடியவருக்கும் பாட்டெழுதியவருக்கும் சேரவேண்டிய கூலி சேரவில்லை. இதில் என்ன குற்றம் என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம்: 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வியாபாரப் பெயரும் சின்னமும் நூலாசிரியர் உரிமையும் ஷரீஅத் காக்கும் உரிமைகளே என்று தீர்மானித்தது. நகல் கேசட் விற்ற கடைகள் நம்மவரிடையேயும் இருந்தன, மறைப்பானேன்?

ஆக, கம்பெனிகளின் பக்கம் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவர்கள் என்ன செய்தார்கள்?

2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுள் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி. தாயார் 2,000 டாலர் கட்டித் தீர்த்தார். செய்தி கேட்டவர்கள் பாடகர்களை மறந்து சிறுமிக்காகப் பரிந்தார்கள். அப்பணத்தைத் தாங்கள் தருவதாகச் சிலர் முன்வந்தார்கள்.

மின்னசோட்டா மாநிலத்துப் பெண்மணி ஒருவர் மீது 24 பாட்டுகளுக்காக வழக்கு. ஒரு பாட்டின் விற்பனை விலை அப்போது 99 காசு. 2007-ல் ஜூரிகள் விதித்த தொகை 222,000 டாலர். 2009-ல் மறுவிசாரணை, தொகை 1,920,000 ஆயிற்று. பாட்டொன்றுக்கு 80,000! நீதிபதியே இது மிகை என்று 54,000-ஆகக் குறைத்தார். கம்பெனிகள் விடவில்லை. 2012-ல் மேல்நீதிமன்றம் 222,000-ஐயே நிலைநிறுத்தியது. ஒரு பாட்டு எத்தனையோ பேருக்குப் பரவியிருக்கும் என்பது கம்பெனிகளின் வாதம். இருக்கலாம். ஆனால் எத்தனை பேருக்கு என்று எண்ணிக் காட்டவேண்டிய கட்டாயத்தை அந்தச் சட்டம் வைக்கவில்லை.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? சுவீடனில் 2006-ல் கடற்கொள்ளையர் கட்சி என்ற பெயரிலேயே ஒரு கட்சி எழுந்தது. 2009 ஏப்ரலில் நகல் பாட்டுகளுக்கு வழிகாட்டிய இணையத்தளத்தார் நால்வருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டதும், அதில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஜூன் மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 7.1 சதவீத வாக்கும் அதற்கு விழுந்தது! கொள்ளையர் என்ற பெயருக்கே வாக்குத் தேடிக்கொடுத்தது தண்டனையின் கடுமை. அமெரிக்கக் கம்பெனிகளோ 2008 டிசம்பரிலேயே, இனிப் பொதுமக்கள் மீது கூட்டங்கூட்டமாக வழக்குப் போடுவதில்லை என்று அறிவித்துவிட்டன.

அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் முதஃப்ஃபிஃபீன் சூராவை நாம் அறிவோம். கொடுக்கும்போது குறைப்பவனை மட்டுமா அது பேசுகிறது? வாங்கும்போது தனக்கு மட்டும் நிறைய அளந்து கொள்பவனும் அவனே. பஞ்ச காலத்தில் உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அதனால் திருட்டு ஹலாலாகிவிடவில்லை. தண்டிக்குமுன் நிலைமை பார்க்கப்பட்டது.

சகோதரர்களே, அமெரிக்கக் கதை இருக்கட்டும். நம் கடைப்பையன் கல்லாவிலிருந்து பத்து வெள்ளி எடுத்துவிட்டான். பத்து வெள்ளி நம் ஹக்கு, ஐயமில்லை. அதற்காக ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோமே, பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டுகிறோமே, அது யாருடைய ஹக்கு? ஊரிலே அவன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாயார் கல்லாவில் கைவைத்தாரா? இந்த மாதச் சம்பளம் போடுமுன் கணக்கை எடுத்துப் பார்த்து, மிகுதியாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பாஸ்போர்ட்டையும்.

வஸ்ஸலாம்.