வெளியே உட்காருங்கம்மா

பயாப்சி முடிவு வந்திருக்கிறது. மருத்துவர் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்கிறார். எதிரே அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, பக்கத்தில் மகன். "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்கம்மா, தம்பிகிட்ட மருந்து எழுதிக் கொடுத்தனுப்புறேன்." அம்மா எழுந்து, மடியில் இருந்த மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே பேசப்படுவது அவருடைய கர்ப்பப்பையைப் பற்றி. அவர் பெஞ்சில் இருக்கிறார்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது இது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பல சமயம் மகனே முன்னதாக ஓடிவந்து, "அம்மாகிட்ட எதையும் சொல்லிராதீங்க சார், மனசு விட்டுருவாங்க" என்று கெஞ்சியிருப்பார். வீட்டில் நோய்க்கு வேறு பெயர் கிடைத்துவிடும்: கட்டி, புண், சதை வளர்ச்சி. கதிர்வீச்சு சிகிச்சை 'கரண்டு வைக்கிறது' ஆகிவிடும். அன்பினால் சொல்லப்படும் இந்தப் பொய் அறமா?

பொய் என்பதாலேயே ஒதுக்கிவிட முடியாது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்திலேயே வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறார். நோயை மறைக்கும் குடும்பங்கள் நிற்பது அந்த நியாயத்தின் மேல்தான். ஆனால் அந்த இடம் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. கிடைக்கும் நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. மறைப்பதால் வரும் நிம்மதி யாருக்கு? அழாமல் இருக்கும் அம்மாவுக்கா, அவர் அழுவதைப் பார்க்கத் தெம்பில்லாத பிள்ளைகளுக்கா?

அம்மாவுக்கு ஆகவேண்டிய காரியங்கள் இருக்கும். பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பியை ஒருமுறை பார்க்க வேண்டும். மூத்தவள் பெயரில் எழுத நினைத்த அரை ஏக்கர் அப்படியே கிடக்கிறது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பாக்கி. 'குணமானதும் பாத்துக்கலாம்' என்று அவர் ஒவ்வொன்றையும் தள்ளிப்போடுகிறார், குணமாகிவிடும் என்று நம்பவைத்திருப்பதால். இருக்கிற நகையை அடகு வைத்து நான்காவது சுற்று கீமோ ஏற்றுகிறார்கள். வலிக்கு மருந்து கொடுங்கள், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். கேட்கப்படாததால் சொல்லவில்லை. இந்த நன்மையில் குற்றம் இல்லையென்று சொல்ல வராது.

மறைக்கச் சொல்பவர் ஒருவர், மறைப்பவர் இன்னொருவர் என்பதும் கணக்கில் வருவதில்லை. மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார், மகன் வேலைக்குப் போய்விடுவார். ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பது மகளோ மருமகளோதான். விளக்கணைந்த வார்டில் மேலிருந்து குரல் வரும்: "ஏம்மா, எனக்கு என்னதான்னு சொன்னாங்க?" கீழிருந்து பதில் போகும்: "ஒண்ணுமில்லத்தே, புண்ணு ஆறணும்ல." மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மலம் மூத்திரம் அள்ளும் கைக்கு இந்தப் பொய்யையும் சுமக்கும் வேலை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பார்க்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, கூடவே இருந்து கவனிப்பவர். முதலில் நிற்பவரிடம் மறைப்பதற்கு நான்காவதாக நிற்பவரைக் கருவியாக்குகிறோம். இருவருக்கும் இடையே கடைசி நாள்களில் பேச வேண்டியதெல்லாம் பேசப்படாமலே போகிறது.

அப்படியும் பெரும்பாலும் நோயாளிக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார், கொட்டும் முடி சொல்லும். புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் 'அடையாறுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க' என்ற ஒரு வரியே நோயின் பெயரைச் சொல்லிவிடும் ஊர் இது. தெரிந்துகொண்டவர், பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று தெரியாததுபோல் இருந்துவிடுகிறார். இரு தரப்பும் இப்படி நடிப்பதை 1965இல் வெளிவந்த ஆய்வு நூலில் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 'பரஸ்பரப் பாசாங்கு' என்று விவரித்தார்கள்.

நோயாளியிடம் நேரே சொல்வது மேல்நாட்டு வழக்கம், நம் குடும்பங்களுக்கு ஒவ்வாது என்பார்கள். ஆனால் மேல்நாட்டிலும் அது பழைய வழக்கமில்லை. 1961இல் வெளியான ஆய்வுக்காக டொனால்ட் ஓக்கன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் சிகாகோவில் மருத்துவர்களைக் கேட்டபோது, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979இல் வெளியான இன்னொரு ஆய்வில், வேறொரு அமெரிக்க மருத்துவமனையில் அதே கேள்விக்கு 97 சதவீதத்தினர் சொல்லிவிடுவோம் என்றார்கள். இடையில் 18 ஆண்டுகள்தான். மரபு என்று நினைத்திருந்ததில் பெரும்பகுதி, மருந்தில்லாத நோயைப் பற்றிய பயம்.

இந்தியச் சட்டமும் நோயாளியின் பக்கமே நிற்கிறது. நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். டெல்லியில் மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை அவருடைய தாயின் ஒப்புதலோடு எடுத்துவிட்டார்கள். நினைவு திரும்பியதும் முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காகத் தாய் தரும் ஒப்புதல் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாய்க்கே அந்த உரிமை இல்லை.

சட்டம் சொல்வதோடு விஷயம் தீர்ந்துவிடாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 'எல்லாம் அவன் பாத்துக்குவான்' என்று ஒரு தாய் சொல்வது அறியாமை ஆகாது. ஆயுள் முழுக்க ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து வாழ்ந்தவர் எடுக்கும் முடிவு அது. அந்த முடிவை மதிக்காமல் நோயின் பெயரை அவர் முகத்தில் வீசுவதும் வன்முறைதான். வரிசை நகரவேண்டுமே என்ற அவசரத்தில், நின்றபடி, இங்கிலீஷில் பாதி தமிழில் பாதியாக உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடும் மருத்துவர் மறைப்பவரைவிட மேலானவர் இல்லை. 2019 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நோயாளியிடம் பேசும் முறை பாடமாகவே இருக்கிறது. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அதற்கு ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் கிடைப்பதுதான் அரிது.

தவறு வரிசையில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லலாமா என்று மகனிடம் கேட்கிறார்கள். அம்மாவிடம்தான் முதலில் கேட்க வேண்டும்: "உங்க உடம்பப் பத்தி விவரமா தெரிஞ்சுக்கணுமாம்மா, இல்ல தம்பிகிட்ட சொன்னா போதுமா?" மகன் பக்கத்திலேயே இருக்கட்டும், கையைப் பிடித்துக்கொள்ளட்டும். தெரியணும் என்றால், அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு. "அவன்கிட்டயே சொல்லுங்க சார்" என்றால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்துவிட்டு மகனிடம் பேசலாம். அப்போது அம்மா எழுந்து போய் அதே பெஞ்சில் உட்காரலாம். அடுத்த தடவை வரும்போது மறுபடி கேட்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் மனம் மாறியிருக்கக்கூடும்.