முட்டுக்கட்டை போடுகிறவரின் கடமை

‘முட்டுக்கட்டை’ ஒரு நல்ல தொழிற்சொல். நாம்தான் அதை வசைச்சொல்லாக ஆக்கிவிட்டோம். நல்ல திட்டத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்று மேடையில் பேசுகிறோம். அலுவலகத்தில் கோப்பு நகராவிட்டால், மேலே இருக்கிற யாரோ முட்டுக்கட்டையாக இருக்கிறார் என்கிறோம். பிள்ளைகள் பெற்றோரைப் பற்றிச் சொல்லும் முதல் குற்றச்சாட்டும் பெரும்பாலும் இதுதான். ஆனால் தஞ்சை வட்டாரத்தில் தேரோட்டத்தை அருகில் நின்று பார்த்த எவருக்கும் இந்த வசை கொஞ்சம் உறுத்தும். தேரை இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அது எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு குனிந்து ஓடுகிற சில பேர்தான்.

ஒருவரைத் தடுத்து நிறுத்துவது எப்போது உதவி, எப்போது அநியாயம்? இந்தக் கேள்வியைச் சுதந்திரம், உரிமை என்ற பெரிய சொற்களால் அணுகினால் சீக்கிரம் களைத்துப்போகிறோம். நான் கட்டையிலிருந்து தொடங்கிப் பார்க்கிறேன். அதுவும் தேருக்கு முன்னால், நம் எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிற மோட்டார் சைக்கிளிலிருந்து.

இரண்டு சக்கர வண்டிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஓடும்போது நிற்கும்; நின்றால் விழும். சக்கரம் பம்பரம் போலச் சுழல்வதால்தான் சைக்கிள் விழாமல் ஓடுகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் சில பொறியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அந்தச் சுழற்சி விளைவு ரத்தாகும்படி எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் செய்தார்கள். முன்சக்கர அமைப்பினால் கிடைக்கும் உதவியையும் எடுத்துவிட்டார்கள். ஆள் இல்லாமல் தள்ளிவிட்டபோதும் அது விழாமல் ஓடியது. அந்த வண்டி சாய்கிற பக்கமே கைப்பிடியும் தானாகத் திரும்பி, சக்கரம் மறுபடி எடைக்கு அடியில் வந்துவிடுகிறது. விழப்போவதையும் அதைத் திருத்துவதையும் ஓயாமல் செய்துகொண்டே இருப்பதுதான் அதன் சமநிலை. நிறுத்திவிட்டால் திருத்துவதற்கு வழியில்லை. அப்போது வேறு யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

பூம்புகாரில் ஆடி அமாவாசையன்றோ சித்ரா பௌர்ணமியன்றோ போய்ப் பாருங்கள். காவிரி கடலில் சேரும் இடத்துக்குக் கூட்டம் நடந்து போகும். வண்டிகள் மணலோரம் வரிசையாக நிற்கும். மணலில் சைடு ஸ்டாண்டு நிற்காது. போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காலை மெல்ல உள்ளே விட்டு, வண்டி சரிந்துவிடும். தெரிந்தவர்கள் ஒரு பலகைத் துண்டையோ தட்டைக் கல்லையோ கொட்டாங்கச்சியையோ ஸ்டாண்டுக்கு அடியில் வைப்பார்கள். சரிவாக இருந்தால் வண்டியின் முகத்தை மேட்டைப் பார்த்துத் திருப்பி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுப்பார்கள். முன்பக்கம் உருண்டால் ஸ்டாண்டு மடங்கிவிடும் என்பது அனுபவப் பாடம். இதையெல்லாம் செய்யாத ஒருவரின் வண்டி சாய்ந்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையே படுத்துவிடும். யாருடைய வண்டி முதலில் விழுந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அங்கே ஒரு கொட்டாங்கச்சி, முகம் தெரியாத பத்துப் பேருக்குச் செய்த உபகாரம்.

பழைய பள்ளிக்கூடங்களிலும் சினிமாக் கொட்டகைகளிலும் இருந்த சைக்கிள் ஸ்டாண்டு நினைவிருக்கிறதா? சிமெண்டுத் தரையில் வரிசையாகப் பள்ளம் விட்டிருப்பார்கள். முன்சக்கரத்தை அதில் இறக்கினால் வண்டி நிற்கும். இன்று வெளிநாடுகளில் ‘வீல் சாக்’ என்று விற்கிற கருவியும் அதன் பேரன்தான். இரும்புத் தொட்டில் மாதிரி இருக்கும். முன்சக்கரம் ஏறியதும் வண்டியின் எடையாலேயே தொட்டில் சாய்ந்து டயரைக் கவ்விக்கொள்ளும். பின்னால் இழுத்தால் விட்டுவிடும். உள்ளே வந்த வழியே வெளியே போகிற வழி; பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

ஆனால் வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்போது கட்டை மட்டும் போதாது. குட்டியானையில் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிறவர்களைக் கவனித்தால் தெரியும். முன்சக்கரத்தை முன்பலகையோடு அணைத்து, இடையில் பழைய டயரைச் செருகி, இரு பக்கமும் கட்டை கொடுத்து, பிறகு கைப்பிடியின் இரு பக்கத்திலிருந்தும் கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுவார்கள். முன் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும் அளவுக்குத்தான் இழுக்க வேண்டும். தளர்ந்தால் வண்டி ஆடும். முழுக்க அமுக்கிக் கட்டினால் ஸ்பிரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் கேடு. எங்கள் ஊரில் வண்டி ஏற்றும் ஒருவர் சொல்வார்: “கட்டுறது அதுக்குத் தெரியணும், வலிக்கக் கூடாது.” தடுத்தல் பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட இந்த ஒரு வரி எனக்கு உதவியிருக்கிறது.

இனி தேர். திருவாரூர் ஆழித்தேர், அலங்காரத்தோடு 96 அடி உயரம். எடை ஏறத்தாழ 300 டன் என்கிறார்கள். பழைய தேர் 1926இல் எரிந்து, புதியது 1930இல் ஓடியது. 1948க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்று, 1970இல் மறுபடி புறப்பட்டது. திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. இவ்வளவு வந்த பிறகும் முட்டுக்கட்டை போகவில்லை. இன்றும் நூற்றுக்கணக்கில் புளிய மரக் கட்டைகளைச் செய்து வைத்துக்கொண்டுதான் வடத்தைத் தொடுகிறார்கள். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், தேர் அந்தப் பக்கமாகத் திரும்பும். தேருக்கு ஸ்டியரிங்கும் அதுதான், பிரேக்கும் அதுதான். எத்தனை கட்டைகள் நசுங்கினவோ அத்தனை முறை வீதியோரத்து வீடுகள் தப்பின என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டை போடுகிறவர் நிற்கும் இடம் முக்கியமானது. வடம் பிடிப்பவர் தேருக்கு வெகு முன்னால் இருக்கிறார். நிர்வாகிகள் தேர்மேலோ பந்தலிலோ இருப்பார்கள். கட்டைக்காரர் சக்கரத்தின் வாயில் இருக்கிறார். 2022 ஏப்ரலில் நாகை மாவட்டம் திருச்செங்காட்டாங்குடியில் சப்பரத்துக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அந்தச் சக்கரத்திலேயே சிக்கி இறந்தார். ஒவ்வொரு திருவிழாவிலும் யாரோ ஒருவர் அந்த இடத்தில் குனிகிறார் என்பதை நாம் கவனிப்பதே இதுபோன்ற செய்தி வரும்போதுதான்.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வந்தது. அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. வயலுக்கு, உரக்கடைக்கு, டீக்கடைக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். எழுபத்தாறு வயதில் கண் மங்கி, தலைசுற்றலும் சேர்ந்து, ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறை வாய்க்கால் மதகருகே விழுந்தார். இரண்டாவது முறை எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, “தொலஞ்சு போச்சுப்பா, தேடிக்கிட்டிருக்கோம்” என்றார். அக்காவுக்கும் அது சரியாகவே பட்டது. “உசுரவிட வண்டி பெருசா?” என்று என்னிடம் போனில் கேட்டாள். அண்ணன் சொன்ன காரணத்தில் பழுதில்லை. அப்பாவின் உயிர் மட்டும் அல்ல, எதிரே வரும் பிள்ளைகளின் உயிரும் இருக்கிறது. அந்தக் காரணத்தை இன்றும் என்னால் மறுக்க முடியாது.

நான் ஊருக்குப் போனபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இளவயதில் பக்கத்து ஊர்த் தேருக்குப் பல வருஷம் கட்டை போட்டவர் அவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: “ஏண்டா தம்பி, கட்ட போடுறவன் ஒளிஞ்சு நின்னா போடுவான்? சக்கரத்துக்கு முன்னாடி வந்து நின்னுல்ல போடணும். போடுங்கடா, வேணாங்கல. என் கண்ணு முன்னாடி போடுங்க. போட்டவன் நான்னு சொல்லுங்க.”

அவர் கேட்டது வண்டியை அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் சாவி கூடத்து ஆணியில் தொங்கியது. வண்டியின் முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் செங்கல் வந்தது. அண்ணனே அப்பாவை உட்காரவைத்து, ஏன் ஓட்டக் கூடாது என்று சொன்னார். காலையில் டீக்கடை, சாயங்காலம் வயல் என்று இரண்டு நடைக்கு அண்ணன் மகன் பொறுப்பானான். அவனுக்குப் பரீட்சை வந்தால் அண்ணன். மாதம் ஒரு நாள் அப்பா பேரனைவிட்டுச் செங்கலை எடுக்கச் சொல்லி, இன்ஜினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைக்கச் சொல்வார். செங்கலைத் திரும்ப வைப்பது மட்டும் அவரே.

இதிலிருந்து எனக்குத் தெளிவானதைச் சொல்கிறேன். ஒளித்த சாவியும் வைத்த செங்கலும் ஒரே வேலையைத்தான் செய்தன; அப்பா ஓட்டவில்லை. விளைவை மட்டும் கணக்கிட்டால் இரண்டும் ஒன்று. ஆனால் ஒளித்த சாவி அவரை முட்டாளாக்கியது. செங்கலோ அவரை ஒரு தரப்பாக மதித்தது. தடுக்கப்படுகிறவர் தடையைப் பார்க்கவும், வைத்தவரோடு வழக்காடவும் முடிய வேண்டும். அது முதல் நிபந்தனை. இரண்டாவது, தடுக்கிறவர் சக்கரத்துக்கு அருகில் நிற்க வேண்டும். தடையால் வரும் சிரமத்தில் ஒரு பங்கு அவர்மேலும் விழ வேண்டும். அண்ணனுக்கு அது தினம் இரண்டு நடை. தூரத்தில் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, “அங்க கட்ட போடு” என்று கைகாட்டுவது சுலபம்.

மூன்றாவது நிபந்தனைதான் கடினம். தேர்க்கட்டை எடுப்பதற்காகவே போடப்படுகிறது. எடுக்கிற எண்ணம் இல்லாத கட்டை, மேடைப் பேச்சில் சொல்கிற அந்த முட்டுக்கட்டைதான். அப்படியென்றால் அப்பாவின் செங்கல்? கண்ணும் தலைசுற்றலும் திரும்பப் போவதில்லை. எடுக்கவே முடியாத கட்டையை எப்படி நியாயப்படுத்துவது? இதற்கு எனக்குக் கிடைத்த ஒரே விடை வண்டி ஏற்றுகிறவர்களிடமிருந்துதான். ஒரு வண்டியைக் கட்டி நிறுத்துகிறவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்கிறார். ஓடாதே என்று சொல்கிற வாய், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லாதவருக்கு முதலாவதைச் சொல்லும் உரிமை பாதிதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. காலம் கெட்டுக்கிடக்கிறது என்று பெண்ணின் கல்லூரிப் படிப்பை நிறுத்துகிறோம். பஸ் ஸ்டாண்டு வரை கூட நடக்க வீட்டில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. அதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர். எடுக்கும் நாள் குறிக்காத, போட்டவர் பக்கத்தில் நிற்காத, போடப்பட்டவரிடம் காரணம் சொல்லாத கட்டைகள் வீடுகளில் எத்தனை!

மறுபக்கம், தடையே கூடாது என்பதும் விடையாகாது. மனுநீதிச் சோழன் கதையை எல்லோரும் அறிவோம். இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு மணியடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் நின்று, தன் ஊர் புகார் என்று சொல்லும்போது இந்த அரசனையும் பெருமையாகக் குறிப்பிடுகிறாள். நீதி கேட்டு வந்தவள் அவனைச் சொல்லாமல் இருப்பாளா? ஆனாலும் அந்தக் கதையில் மணி இருக்கிறது, அரசன் இருக்கிறான், தண்டனை இருக்கிறது. வேகமாக வந்த தேருக்குக் குறுக்கே ஒரு கட்டை போட வீதியில் யாரும் இல்லை. ஒருவன் குனிந்திருந்தால் கன்றும் பிழைத்திருக்கும், மகனும் பிழைத்திருப்பான், நமக்குக் காவியத்தில் சொல்ல ஒரு பெருமையும் இல்லாமல் போயிருக்கும்.

கட்டை வேலை செய்த நாளில் எதுவும் நடப்பதில்லை. அதனால் அதைப் போட்டவரைப் பற்றிக் கதையும் கிடையாது. இளவரசனிடம், “தம்பி, கொஞ்சம் நிறுத்து” என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கக்கூடிய அந்த ஆள் நாமாக இருந்திருந்தால், அவன் நம்மை முட்டுக்கட்டை என்றே திட்டியிருப்பான். திட்டை வாங்கிக்கொண்டு, தேர் நின்றதும் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.