முதல் கவளம்

அறுவடை உழவனுக்கு உழைப்பின் பலன். பக்தனுக்கோ அது பிரசாதம். நெல் ஒன்றுதான், நோக்கு வேறு.

1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் சௌல்தாரி போன்ற தென் அந்தமான் சிற்றூர்களில் குடியமர்த்தப்பட்டன. வீடும் நிலமும் இழந்து வந்த வங்க உழவர் மரபில் 'நபான்னம்' என்னும் புத்தரிசி விழா உண்டு. தெய்வத்திற்கும் முன்னோருக்கும் படைத்து, காக்கைக்கும் வைத்த பின்னரே வீட்டார் உண்பது அதன் நியதி.

இவர்களுக்கு முன்பே, 1918 முதல், வனவேலைக்காகச் சோட்டாநாகபுரியின் உராவ், முண்டா, கரியா மக்கள் அந்தமானுக்கு அழைத்து வரப்பட்டனர். 'ராஞ்சிக்காரர்கள்' எனப்படும் இவர்களுள் பலர் கத்தோலிக்கர். இவர்களது பூர்வீக மண்ணின் புத்தரிசி விழா 'நவாக்கானி'. உராவ் மக்கள் புதுநெல்லை அவலாக்கி, முதலில் முன்னோருக்குப் படைத்த பிறகே உண்பர். 1885-இல் பெல்ஜியத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அங்கு வந்தபின் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்துவை ஏற்றனர். பழைய சடங்குகள் பல விலக்கப்பட்டன. எனினும் நவாக்கானி பின்னர் தேவாலயத்தினுள்ளேயே இடம்பெற்றது. புதுக்கதிர்கள் பீடத்தின்முன் வைக்கப்பட்டு மந்திரிக்கப்படுகின்றன.

'பழைய நெறியை விட்டவர்களுக்குப் பழைய விழா எதற்கு?' என்பர் ஒரு சாரார். 'புதிய நெறியில் பழைய வழக்கம் கலக்கலாமா?' என்பர் மறுசாரார். இரு வினாக்களும் விழாவின் புறத்தையே காண்கின்றன. அகத்தில் இருப்பது ஒன்றே: கொடுத்தவனை நினையாமல் உண்ணலாகாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலும் சிலுவையை வணங்கும் உழவர்கள், குவளையின் முதல் துளிகளைப் 'பச்சமாமா' என்னும் பூமித்தாய்க்கு ஊற்றிய பிறகே பருகுகின்றனர். பெயர்கள் மாறின, நன்றியுணர்வு மாறவில்லை.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1874-ஆம் ஆண்டு வாக்கில், யது மல்லிக்கின் தோட்டவீட்டில் அன்னை மரியும் குழந்தை இயேசுவும் உள்ள படத்தைக் கண்டு பரவசமுற்றார். அதனால் காளி அன்னை அவருக்கு அந்நியமாகிவிடவில்லை. வேள்வியில் எஞ்சியதை உண்பவர் பாவத்தினின்று விடுபடுவர் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் கூறுவதும் இந்த உண்மையையே.

இன்று நம்மில் பலருக்கு அரிசி வயலிலிருந்து வருவதில்லை, கடையிலிருந்து வருகிறது. விலை கொடுத்துவிட்டதால் கடன் தீர்ந்தது என்று மனம் எண்ணுகிறது. மழைக்கும் மண்ணுக்கும், சேற்றில் நின்ற கால்களுக்கும் யார் விலை கொடுத்தார்? உண்ணுமுன் ஒரு கணம் நின்று, முதல் கவளத்தை இறைவனுக்கு மனத்தால் சமர்ப்பிப்போம். பசித்தவர் ஒருவருக்குக் கையால் கொடுப்போம். அவ்வாறு செய்யும் இல்லத்தில் ஒவ்வொரு நாளும் புத்தரிசித் திருநாளே.