காயத்தின் தடம்

ராயபுரத்தில் எனக்குப் பழக்கமான காயலான் கடை ஒன்று உண்டு. டர்னராக இருந்து ரிட்டயரானவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறெங்கே போவான்? பழைய வெர்னியர், தேய்ந்த டிரில் பிட், எந்த மிஷினுடையதென்று தெரியாத பல்சக்கரம் என்று துழாவிக்கொண்டிருப்பேன். போன மாதம் பித்தளைக் குவியலில், குழாய்த் திருகுகளுக்கும் உடைந்த குத்துவிளக்குக்கும் நடுவே, ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு கூடு கிடந்தது.

“பாய், இது தோட்டாக் கூடாச்சே?”

“ஆமா சார். பழைய பங்களா ஒண்ணு இடிச்சாங்க, மூட்டையோட வந்துச்சு. வெறும் கூடுதான். வேணும்னா பித்தளை ரேட்டுக்கு எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொள்ளவில்லை. டீ வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் வட்டமாகப் பொறித்த எழுத்துகள்: கைனாக், 375, மேக்னம். நடுவில் கேப். அதன்மேல் ஊசி குத்திய சின்னப் பள்ளம். வெடித்த தோட்டா. உள்ளே இருந்த குண்டு எங்கே போய்த் தைத்தது, தைத்த பிறகு என்ன ஆனது என்று சொல்ல யாருமில்லை. கூடு மட்டும் ராயபுரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

*

கடைசல்காரன் கண்ணுக்கு அது அழகான வேலை. அடியில் அகலம், மேலே போகப்போகச் சிறுத்து, கழுத்துக்குச் சற்று முன்னால் மெல்லச் சரியும் தோள். அடிப்பக்கத்தில் குழந்தைக்கு அரைஞாண் கட்டியதுபோல் ஒரு வளையம். தோள் அவ்வளவு வழுக்கலாகச் சரிந்தால், தோட்டா துப்பாக்கிக்குள் எதுவரை போய் நிற்க வேண்டும் என்பது நிச்சயப்படாது. அந்த வளையம்தான் நிறுத்துகிறது. லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-இல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. நூறு வருஷம் தாண்டியும் ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் இதை எடுத்துப் போகிறார்கள்.

அந்த நீண்ட சரிவுக்குக் காரணம் அன்றைய மருந்து. கார்டைட். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கொஞ்சம் வாசலினும் சேர்த்துப் பிசைந்து அச்சில் பிழிந்த இழை. பார்த்தால் சேமியா. கட்டாகக் கட்டிக் கூட்டுக்குள் செருகுவார்கள். நீலகிரி அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய தொழிற்சாலைக்குப் பேரே கார்டைட் ஃபேக்டரி. இந்த மருந்துக்கு வெயில் ஆகாது. குளிர் தேசத்தில் அளந்து போட்டது நம் ஊர் வெயிலில் கிடந்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறிவிடும். அதனால் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்ட தோட்டாக்களை விற்றார்கள். சித்திரை மாதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தோட்டா.

*

மேக்னம் என்றால் லத்தீனில் பெரியது. இரண்டு பாட்டில் ஒயின் பிடிக்கும் பெரிய பாட்டிலுக்கு வைத்த பெயர், அங்கிருந்து தோட்டாவுக்கு வந்தது. எது பெரியது என்று பார்த்தால், குண்டைவிடக் கூட்டின் வயிறு. குண்டு 300 கிரெய்ன். 19 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நம் கணக்கில் இரண்டரை சவரனுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சங்கிலியும் ஒரு ஜோடிக் கம்மலும். அந்த எடையை நொடிக்கு 750 மீட்டருக்கு மேல் தள்ளுவது வயிற்றில் இருக்கும் இடம். கூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். கரி படிந்த இருட்டு.

*

கிரெய்ன் என்பது தானியம். ஒரு பவுண்டுக்கு 7000. நம் ஆசாரிகளுக்குக் குன்றிமணி மாதிரி அவர்களுக்கு வாற்கோதுமை. ஒரு குன்றிமணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் வரும். தோட்டாவைத் தானே தயாரித்துக்கொள்கிறவர்கள் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து மருந்தை நிறுக்கிறார்கள். வெடித்த கேப்பைத் தட்டி எடுப்பது, வெடித்ததில் பருத்துப்போன கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, நீண்டுபோன வாயைச் சீவுவது, புதுக் கேப், நிறுத்த மருந்து, கடைசியில் குண்டு. அமெரிக்காவில் இது வீட்டுக் கொட்டகையில் செய்யும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

இதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த முகம் ஒன்று எழுந்து வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, முள் ஆடி நிற்கும்வரை காத்திருக்கும் முகம். டூல் ரூமில் அப்படிப்பட்டவர்களோடு முப்பது வருஷம் இருந்திருக்கிறேன். அவர்கள் கையால் ஒரு கோழி செத்தும் நான் பார்த்ததில்லை.

*

கடையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ராயபுரம் ஸ்டேஷன் வழியாக நடந்தேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் வந்தது 1873-இல். நடுவில் இருந்த வருஷங்களில் கப்பலில் வந்திறங்கி நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் போன துரைமார்கள் இந்தத் தூண்களுக்கு நடுவேதான் துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் கையால் கெட்டிப்பதுதான். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது, கரிமருந்தை அளந்து குழலில் கொட்டுவது, தக்கை வைத்து இடிப்பது எல்லாம் வேட்டைக்காரன் பாடு. இலங்கையில் நுவரெலியாவில் எட்டு வருஷம் இருந்து யானை சுட்ட சாமுவேல் பேக்கர், பிறகு அரை பவுண்டு குண்டு போடும் துப்பாக்கி ஒன்றை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். கூட இருந்த அரபு வேலையாட்கள் அதற்கு ‘பீரங்கியின் பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். சுட்டால் சுட்டவரையே சுழற்றிவிடும். அதைச் சுட அவருக்கே பயம்.

*

ஏன் அவ்வளவு பெரிது? யானையின் மண்டை ஓடு தேன்கூடு மாதிரி அறை அறையான எலும்பு. அதன் உள்ளே எங்கோ ஓரிடத்தில் மூளை. சின்னக் குண்டு பாதி வழியில் நின்றுவிடும். யானை நிற்காது, போய்விடும். வேட்டைக்காரர்கள் பெரிய தோட்டாவுக்குச் சொல்லும் நியாயம் இதுதான்: சாவு உடனே வரவேண்டும். அரைகுறையாக விடக்கூடாது. இந்த நியாயத்தை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். சுடாமலே இருந்தால் இந்தக் கேள்வியே எழாது என்பது சரிதான். ஆனால் சுடுவது என்று ஆன பிறகு, அதற்குள்ளும் ஒரு நேர்மை இருக்கிறது.

கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூரில் விமானத் தொழிற்சாலை உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அன்றைய சேலம் ஜில்லாவின் ஜவளகிரி, பென்னாகரம், கெம்பகரை காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனவர். அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். அவர் எழுத்தில் சுடுவது ஒரு வரி. பரணில் கொசுக்கடியோடு காத்திருப்பது பல பக்கம். ஷிஃப்ட் முடிந்து காட்டுக்குப் போனவர் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு அவர் கொஞ்சம் நெருங்கி வருகிறார்.

*

வேட்டைக்காரர்களுக்குள் எழுதாத விதி ஒன்று இருந்தது. காயம்பட்டதை விட்டுவிட்டு வராதே. புலியாக இருந்தாலும் புதருக்குள் போ. இருட்டிவிட்டால், கடைசித் துளி இரத்தம் கிடந்த இடத்தில் ஒரு கிளையை ஒடித்து வை. விடிந்ததும் அங்கிருந்து தொடங்கு.

இந்த விதி எதற்கு என்பதற்குக் குமாவுனில் சாட்சி இருக்கிறது. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக ஜிம் கார்பெட் எழுதுகிறார். 1907-இல் அவர் அதைச் சுட்டு வீழ்த்தி வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். மானைப் பிடிக்க முடியாமல் போன வாய் மனிதனிடம் வந்தது. என்றோ ஒருநாள் யாரோ சுட்டிருக்கிறான். தப்பிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். அவனுக்கு அன்று நல்ல தூக்கம்கூட வந்திருக்கலாம்.

*

சாயங்காலம். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒரு புல்லட் போகிறது. தூரத்தில் வரும்போதே நெஞ்சில் கேட்கும் சத்தம். இதுவும் துப்பாக்கி வம்சம்தான். இங்கிலாந்தில் என்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததால் அந்த சைக்கிள் கம்பெனிக்கு அந்தப் பேர் ஒட்டியது, துப்பாக்கி மாதிரி செய்தது என்பதே அதன் விளம்பர வாசகம், சின்னம் பீரங்கி. 1955-க்குப் பிறகு அந்தப் பீரங்கி நம் திருவொற்றியூருக்கு வந்தது. என் வயசுக்காரர்கள் பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்.

புல்லட் முக்குத் திரும்பிப் போனபின்னும் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கிறது.

*

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துரைமார் வேட்டையும் ஜமீன் வேட்டையும் போயின. கையால் கெட்டிப்பது போகவில்லை. மலையடிவார ஊர்களில் நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தும் பால்ரஸும் போட்டு இடிப்பவர்கள் பிடிபட்ட செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

அதைவிடக் கொடியது அவுட்டுக்காய். வெடிமருந்தை உருட்டி, தின்பண்டத்தில் பொதிந்து, காட்டுப்பன்றிக்கென்று வைப்பது. யானைக்கு அது பன்றிக்கு வைத்ததென்று தெரியுமா? கோவைப் பக்கத்துக் காடுகளில் வாய் சிதைந்து, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நின்று செத்த யானைகள் உண்டு. இதில் குறி பார்க்கும் கண் கிடையாது. குதிரையை இழுக்கும் விரல் கிடையாது. வெடிக்கும்போது வைத்தவன் வீட்டில் இருக்கிறான். தடம் பார்த்துப் போக வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

*

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. தண்ணீர் வடிந்ததும் பார்க்கப் போனேன். படகுகள் கறுப்பு, வலைகள் கறுப்பு. எண்ணெயை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தவர்களின் கை முழங்கை வரை கறுப்பு. அலையாத்திச் செடிகளில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக ஒரு கோடு, யாரோ மட்டப்பலகை வைத்து இழுத்ததுபோல.

கூழைக்கடா ஒன்று சேற்றுத் திட்டில் நின்றது. சாம்பல் வெள்ளையாக இருக்க வேண்டிய மார்பு, தார் பூசிய கோணி மாதிரி இருந்தது. அலகை வளைத்து ஓர் இறகை எடுத்து உருவும். கறுப்பு அலகில் ஒட்டும். அலகைத் தண்ணீரில் அலசும். தண்ணீரிலும் அதுதான். மறுபடி அதே இறகு. அரை மணி நேரம் ஓர் இறகு.

பிடித்துக் கழுவிவிடலாமே என்று பக்கத்தில் நின்ற மீனவரிடம் கேட்டேன். “கிட்ட போனா பறந்துடுதுண்ணே. பறக்குற வரைக்கும் புடிக்க முடியாது. பறக்க முடியாதப்ப புடிச்சி என்ன பண்றது?” என்றார்.

இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினேன். அடையாளத்துக்கு ஒரு கிளைகூட ஒடித்து வைக்கவில்லை.

*

ஒற்றியூர்க் கோயிலில் அறுபத்துமூவர் வரிசையில் கண்ணப்பர் முன்னால் இப்போதெல்லாம் கொஞ்சம் அதிகம் நிற்கிறேன். கண்ணைக் கொடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பெரிய புராணத்தில் அதற்கு முன்னால் நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். சாமி கண்ணில் இரத்தத்தைப் பார்த்துத் துடித்துப்போன திண்ணன், பின்னால் கண்ணப்பர் ஆனவன், வில்லை எடுத்துக்கொண்டு இதைச் செய்தது யார் என்று தேடுகிறான். வேடன் புத்தி. யாரும் அகப்படவில்லை. தேடியது போதும் என்று அவன் வீட்டுக்குப் போய்விடவில்லை. பச்சிலை பறித்து வந்தான். அதிலும் நிற்காதபோதுதான் கண்.

எண்ணூரில் யார் என்று தேடுவது நடந்தது. நோட்டீஸ், கமிட்டி, தீர்ப்பாயம். அது வேண்டியதுதான். பச்சிலைக்கு யார் போனது?

*

நேற்று காயலான் கடைக்குப் போனபோது கூடு இல்லை. “மூட்டை மொத்தமா உருக்கப் போயிடுச்சு சார். எடுத்துக்குங்கன்னு அன்னைக்கே சொன்னேனே” என்றார் பாய். இனி அது குழாய்த் திருகாகி யார் வீட்டிலாவது தண்ணீர் திறக்கும்.

வீட்டுக்குப் போகாமல் எண்ணூர் பஸ் ஏறினேன். காலை வண்டி, திரும்ப நேரமிருந்தது. அலையாத்தித் தண்டுகளில் அந்தக் கோடு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். சிலவற்றில் துரு மாதிரி மங்கி இருந்தது, சிலவற்றில் இல்லை. சேற்றுத் திட்டில் ஏழு கூழைக்கடா. ஏழும் சாம்பல் வெள்ளை. அன்று பார்த்தது இதில் இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று சொல்ல வழியில்லை.

கரையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். ஒன்று அலகை வளைத்து இறகை உருவத் தொடங்கியது. ஓர் இறகு, அடுத்தது, அதற்கடுத்தது. எண்ணிக்கொண்டிருந்தேன்.